சேற்றுக்கு யார் பொறுப்பாளி?

ஓர் ஏரியைத் தூர் வாரிவிட்டால் அந்த ஏரி சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கை நமது ஜனங்களின் மனத்தில் வெகு காலமாக வேரூன்றி நிற்கிறது. நம் பாட்டன்மார் காலத்தில் அந்த நம்பிக்கை முழுதும் உண்மையாயிருந்தது. இன்றோ, பட்டணத்தை ஒட்டிய ஏரிகளைப் பொறுத்த மட்டில், அது பாதி உண்மைதான். முழுப் பொய்யை ஜனங்கள் எப்படியும் ஒரு நாள் கண்டுகொள்வார்கள். பாதி உண்மையோ வருஷக்கணக்காக அவர்களை ஏமாற்றிக்கொண்டே இருக்கும். ஆகையால், சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தை அடுத்த செம்பாக்கம் ஏரியை முன்னிட்டு, இந்த விஷயத்தைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிட விரும்புகிறோம்.

நாம் கேட்கும் கேள்வி மிகவும் சாமானியமானது. ஏரியிலிருந்து எடுத்த சேறு எங்கே போயிற்று? அதில் என்ன இருந்தது? யார் சோதித்தார்கள்? சோதனையின் முடிவை ஊரார் பார்த்தார்களா? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்லக்கூடிய ஏரி நமது மாகாணத்தில் எத்தனை இருக்கின்றன?

செம்பாக்கம் ஏரி ஏறக்குறைய நூறு ஏக்கர் விஸ்தீர்ணமுள்ளது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் சாலையில் செல்பவர்கள் அந்த ஊரைத் தாண்டாமல் போக முடியாது. வயலுக்குப் பாய்வதற்காக வெட்டப்பட்ட ஏரி அது. வயல்கள் வீடுகளாகிவிட்டன. ஆயக்கட்டு என்ற சொல்லே அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு இன்று தெரிந்திராது. ஆயினும் ஏரியின் தொழில் முடிந்துவிடவில்லை. சிட்லபாக்கம் முதலிய மேல் ஏரிகளின் மிகுநீரை அது வாங்கிக்கொள்ளுகிறது. தன் மிகுநீரை நன்மங்கலத்துக்கு அனுப்புகிறது. அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கி, கடைசியில் அந்நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் போய்ச் சேருகிறது. அந்தச் சதுப்பு நிலம் 2022-ம் வருஷத்தில் ராம்சார் உடன்படிக்கையின்படி உலகப் பிரசித்தமான ஈரநிலங்களுள் ஒன்றாகப் பதிவு செய்யப்பட்டது. ஆகவே செம்பாக்கத்தில் தேங்கும் அழுக்கு செம்பாக்கத்தோடு நிற்பதில்லை. பெருமழைக் காலத்தில் அடிச்சேறு கலங்கி எழுந்து, கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கும், அதற்கடுத்த ஏரிக்கும் பிரயாணம் செய்கிறது. மேலூரார் சேர்த்து வைத்ததைக் கீழூரார் அனுபவிக்கிறார்கள்.

இந்த ஏரியைச் சீர்திருத்த ஒருவரும் முன்வரவில்லையென்று நாம் சொல்லவில்லை. நேச்சர் கன்ஸர்வன்ஸி என்ற சர்வதேச ஸ்தாபனத்தின் இந்தியக் கிளையும், சென்னையிலுள்ள கேர் எர்த் டிரஸ்டும், சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்றுசேர்ந்து இந்த வேலையை மேற்கொண்டன. ஊராரும் பல வருஷங்களாகத் தங்கள் ஏரிக்காகக் குரல் எழுப்பி வந்திருக்கிறார்கள். இவர்களுடைய உழைப்பை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். 2021-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் செம்பாக்கம் முனிசிபாலிடியும் அதைச் சூழ்ந்த நகரசபைகளும் பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி ஏற்பட்டது. ஆகையால் பொறுப்பு இன்னாருடையது என்று சொல்ல முடியாமல் ஓர் ஆபீஸிலிருந்து மற்றோர் ஆபீஸுக்கு மனுதாரரை அலைய வைக்கும் பழைய சாக்கும் இனிச் செல்லாது. காரியம் ஆரம்பமாகியிருக்கிறது, பொறுப்பாளரும் இருக்கிறார். இனி வேண்டியது, செய்யும் காரியத்தைச் சரியான முறையில் செய்வதுதான்.

பழைய காலத்தில் தூர் வாருவதற்கு ஏன் இத்தனை யோசனை தேவைப்படவில்லை? ஏரியின் வண்டல் அன்று நஞ்சாக இருக்கவில்லை; பொன்னாக இருந்தது. மழைநீர் மேட்டு நிலங்களைக் கழுவிக் கொண்டுவந்த மண்ணும், இலைச் சருகும், ஆட்டுப் புழுக்கையும், மாட்டுச் சாணமுமே அதில் இருந்தன. கோடைக் காலத்தில் ஏரி வற்றியதும் குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வண்டலை வாரித் தங்கள் வயல்களில் கொட்டினார்கள். ஏரி ஆழமாயிற்று, வயலுக்கு உரம் கிடைத்தது, குயவருக்குக் களிமண் கிடைத்தது. குடிமராமத்து என்று நம் முன்னோர் சொன்ன ஏற்பாட்டின் அழகு இதுதான். ஒருவர் கழித்ததை மற்றொருவர் செல்வமாகக் கொண்டார். சர்க்காரார் 2017-ம் வருஷத்தில் குடிமராமத்து என்ற பெயரை மீட்டு, ஏரி வண்டலைக் குடியானவர்களும் குயவர்களும் விலையின்றி எடுத்துக்கொள்ள வழி செய்தபோது, நாட்டுப்புறத்து ஏரிகளைப் பொறுத்த வரையில் அது நியாயமான காரியமே.

ஆனால் பட்டணத்து ஏரியின் வண்டல் எதனால் ஆகியது? வீட்டுச் சாக்கடையாலும், கழிவுநீர் லாரி இருட்டில் கொட்டிவிட்டுப் போனதாலும், பட்டறைகளின் எண்ணெயாலும், முலாம் பூசும் கூடங்களின் அமிலத்தாலும், சாலைகளில் மோட்டார் வண்டிகள் உதிர்க்கும் தூசியாலும், உடைந்த பாட்டரிகளாலும், எரிந்துபோன விளக்குகளாலும், குப்பைமேட்டிலிருந்து கசியும் கறுப்பு நீராலும் ஆகியது. இவையெல்லாம் ஒவ்வொரு பட்டணத்து ஏரியிலும் இருக்கின்றன என்று நாம் சாதிக்கவில்லை. எந்த ஏரியில் எது எவ்வளவு இருக்கிறதென்று பார்க்காமல், பழைய வண்டலுக்கு இருந்த நற்பெயரைப் புதிய சேற்றுக்கும் சூட்டிவிடக் கூடாதென்றுதான் சொல்லுகிறோம். பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடுமா?

சேற்றின் சுபாவத்தை நேயர்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் முதலிய கன உலோகங்கள் தண்ணீரில் வெகு நாள் மிதந்துகொண்டிருப்பதில்லை. நுண்ணிய களிமண் துகள்களையும் மக்கிய பொருள்களையும் பற்றிக்கொண்டு அவை அடியில் போய்ப் படிந்துவிடுகின்றன. ஆகையால் மேலே நீர் தெளிவாகத் தோன்றும். தண்ணீரைச் சோதித்தவர் குற்றமில்லை என்று எழுதிவிடுவார். குற்றம் அடியில் உறங்கிக்கொண்டிருக்கும். காற்றோட்டமில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை அதனினும் கொடிய மீதைல் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. அது புழுவினிடமிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனினிடமிருந்து பெரிய மீனுக்கும், பெரிய மீனினிடமிருந்து மனிதனுக்கும் ஏறிக்கொண்டே வருகிறது. ஏற ஏறப் பெருகுகிறது. சாக்கடையோடு வந்து சேற்றில் தங்கிய பாஸ்பரஸ், சாக்கடையை அடைத்த பிறகுங்கூடச் சேற்றிலிருந்து சிறிது சிறிதாக வெளிப்பட்டு, பாசியையும் ஆகாயத்தாமரையையும் வருஷக்கணக்காக வளர்த்துக்கொண்டிருக்கிறது. ‘ஆகாயத்தாமரையை எடுத்தோம், மறுபடியும் வந்துவிட்டது’ என்று உத்தியோகஸ்தர்கள் அலுத்துக்கொள்வதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. உறங்கும் சேற்றை எழுப்புகிற முறை தவறினால், எழுப்பாமல் விட்டிருந்தாலே நலமாயிருந்திருக்கும் என்று சொல்லும்படி ஆகிவிடலாம். நீருக்கடியில் கந்தகத்தோடு கட்டுண்டு கிடந்த உலோகங்கள், சேற்றை வாரிக் கரையில் குவித்துக் காற்றுப் படும்படி விட்டவுடன் கட்டு அவிழ்கின்றன, கந்தகம் அமிலமாகிறது, அடுத்த மழையில் அந்த அமில நீர் உலோகத்தையும் இழுத்துக்கொண்டு ஏரிக்கே திரும்புகிறது, அல்லது அருகிலுள்ள கிணறுகளுக்குள் இறங்குகிறது. ஏரியிலிருந்து எடுத்த சேறு வீட்டுமனையின் பள்ளத்தை நிரப்பப் போய்விட்டாலோ கேட்க வேண்டியதில்லை. ஏரியில் நூறு ஏக்கருக்குள் அடங்கியிருந்த தீங்கு, நூறு வீடுகளின் முற்றத்துக்கும், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும், முருங்கை நட்ட குழிக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டதாகும். அதற்குப் பிறகு அதைத் தேடிப் பிடிப்பவர் யார்?

இது வீண் பயமுறுத்தல் என்று யாராவது சொன்னால், அவர்களைச் சற்று வெளியே அழைத்துச் செல்ல விரும்புகிறோம். தூரம் போக வேண்டியதில்லை. செம்பாக்கத்துக்கு அடுத்தாற்போலிருக்கும் குரோம்பேட்டை, குரோம் தோல் பதனிடும் ஆலை அங்கே இருந்ததால் அந்தப் பெயரைப் பெற்றது. ஓர் உலோகத்தின் பெயரே ஊர்ப் பெயராக நிலைத்துவிட்ட பிரதேசத்தில், ஏரி மண்ணில் அந்த உலோகம் இருக்கிறதா என்று பார்ப்பது அதிகப்பிரசங்கித்தனமாகுமா? குரோமியத்திலும் இரு வகை உண்டு. ஒன்று பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக் கிடப்பது. மற்றொன்று நீரில் கரைந்து ஓடுவது, புற்றுநோயை விளைவிப்பது. எந்த வகை, எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் அபாயத்தின் அளவு தெரியும்.

இராணிப்பேட்டையில் குரோமிய இரசாயனங்களைச் செய்துவந்த தொழிற்சாலை ஒன்று 1990-களில் மூடப்பட்டது. தொழில் போய்விட்டது, கூலி போய்விட்டது, கழிவு மட்டும் போகவில்லை. ஒன்றரை இலட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு திறந்த வெளியில் மலையாகக் கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் மஞ்சள் நீர் அதிலிருந்து வடிந்து நிலத்தடி நீரில் கலந்தது. இலாபம் கண்டவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போன பிறகு, நஷ்டக் கணக்கைப் பாலாற்றுப் பக்கத்துக் குடியானவன் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ம் வருஷத்தில் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கிடந்ததை ஊராரும் தொண்டர்களும் கண்டுபிடித்து வெளிப்படுத்திய பிறகே அது நடந்தது. 2003-ம் வருஷத்தில் ஏறக்குறைய 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயிற்று. நமது நாட்டுக்குக் குப்பையை அனுப்பும் தேசங்கள் அதைத் திரும்பவும் வாங்கிக்கொண்ட அபூர்வமான சம்பவம் அது. ஆனால் மண்ணில் இறங்கிய பாதரசம் கப்பலேறவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசத்தை விட்டுவைக்கலாம் என்று அளவு குறிக்கப்பட்டபோது, மேனாட்டில் இப்படிச் சோலைக் காட்டின் ஓரத்தில் விட்டுவைப்பார்களா என்று தொண்டர்கள் ஆட்சேபித்தார்கள். தொழிலாளர்கள் 591 பேருக்கும் கம்பெனிக்கும் உடன்பாடு ஏற்பட 2016-ம் வருஷம் வரை சென்றது. மண்ணின் வழக்கு அதற்குப் பிறகும் நீண்டது.

நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிந்தது. உழவனுக்கு நீர் தேக்கிக் கொடுப்பதற்கென்று கட்டிய அணை, திருப்பூர்ச் சாயக் கழிவைத் தேக்கும் தொட்டியாயிற்று. நீர் வேண்டுமென்று அணை கேட்ட குடியானவர்களே, அணையைத் திறக்காதீர்கள் என்று கோர்ட்டுக்கு ஓடிய விபரீதத்தை வேறெந்த நாட்டுச் சரித்திரத்தில் காண்போம்? சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை ஹைக்கோர்ட் 2011-ம் வருஷம் ஜனவரியில் உத்தரவிட நேர்ந்தது. தண்ணீரை வடித்துவிடலாம், அணையின் அடியில் உப்பும் சாயமும் ஏறிக் கிடக்கும் சேற்றை உத்தரவு போட்டு வடித்துவிட முடியுமா?

உலகத்தில் மற்ற தேசத்தார் இந்தத் தொல்லையை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்போம். ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ஓர் இரசாயன ஆலை விட்ட பாதரசம் மீன் வழியாக மனிதரை அடைந்தது. 1956-ம் வருஷத்தில் அந்த வியாதி அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. குழந்தைகள் தாய் வயிற்றிலேயே அங்கஹீனமுற்றார்கள். பாதரசம் மிகுந்த சேற்றை அகற்றும் வேலை 1977-ல் தொடங்கி 1990-ல்தான் முடிந்தது. ஏறக்குறைய 15 இலட்சம் கன மீட்டர் சேற்றைக் கலங்காத விதத்தில் உறிஞ்சியெடுத்தும், கரையோரத்தில் தடுப்புச் சுவர் கட்டி அடைத்தும், மேலே சுத்தமான மண்ணிட்டு மூடியும் 58 ஹெக்டேர் புது நிலமாக்கினார்கள். அதற்கு ஆன செலவு 4,850 கோடி யென். அந்தச் செலவின் பெரும் பங்கை ஆலை முதலாளிகளே ஏற்க வேண்டியிருந்தது என்பதை நமது முதலாளிகளும் மந்திரிகளும் கவனிப்பார்களாக.

அமெரிக்காவில் 1980-ம் வருஷம் டிசம்பரில், கைவிடப்பட்ட நச்சுக் கழிவு நிலங்களைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். ஹட்ஸன் நதியில் முப்பது வருஷ காலம் மின்சாரச் சாதனத் தொழிற்சாலைகள் விட்ட பி.ஸி.பி. என்னும் நஞ்சு அடிச்சேற்றில் தங்கியிருந்தது. தோண்டினால் கலங்கும், கிளறாமல் விட்டால் தானாகவே புதைந்துவிடும் என்று வெகு காலம் வாதம் நடந்தது. கடைசியில், 2009 முதல் 2015 வரை, அந்த நதியின் சேற்றை ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியே தன் செலவில் வாரியெடுக்க நேர்ந்தது. அத்தனை செய்தும், அந்நதியின் மீனை உண்ணுவதைப் பற்றிய எச்சரிக்கை முற்றிலும் நீங்கிவிடவில்லை. நஞ்சை நீரில் விடுவது ஒரு நாள் வேலை. எடுப்பது இரண்டு தலைமுறையின் வேலை. இந்தப் பாடத்தை அந்தத் தேசங்கள் விலை கொடுத்து வாங்கியிருக்கின்றன. நாம் விலையில்லாமல் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ள மனமிருந்தால்.

நமது தேசத்திலும் சட்டம் இல்லையென்று சொல்வதற்கில்லை. வேலூர்ப் பக்கத்துத் தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கில் 1996-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட், கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்ற தத்துவம் இந்நாட்டின் சட்டமாகும் என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. நமது தமிழ்க் குடியானவர்களின் கண்ணீரிலிருந்து பிறந்த தத்துவம் அது என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் தீர்ப்பு வேறு, வசூல் வேறு. அதே 1996-ல் ராஜஸ்தானத்தில் பிச்ரி என்ற கிராமத்தின் மண்ணையும் கிணறுகளையும் கெடுத்த இரசாயன ஆலைகள் மீது தீர்ப்பாயிற்று; மண்ணைச் சீர்திருத்துவதற்கென்று சுமார் 37 கோடி ரூபாய் அவர்கள் கட்ட வேண்டுமென்று கணக்கிடப்பட்டது. மனுவுக்கு மேல் மனுப் போட்டுக் காலங் கடத்திய அவர்களை வட்டியுடன் கட்டும்படி சுப்ரீம் கோர்ட் மறுபடியும் 2011-ல் உத்தரவிட வேண்டியிருந்தது. பதினைந்து வருஷம்! கிணற்று நீர் கோர்ட்டு வாய்தாவுக்காகக் காத்திருக்குமா?

2025-ம் வருஷம் ஜூலை மாதம் மத்திய சர்க்கார், நச்சுப் படிந்த நிலங்களை நிர்வகிப்பதற்கென்று தனி விதிகளைப் பிரசுரித்தார்கள். வெகு காலம் இல்லாதிருந்த ஏற்பாடு அது. அதை நாம் வரவேற்கிறோம். சந்தேகத்துக்கிடமான நிலங்களின் ஜாபிதாவை ஜில்லா நிர்வாகம் ஆறு மாதத்துக்கொருமுறை அனுப்ப வேண்டும். மாகாண மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாட்களுக்குள் முதல் விசாரணை செய்ய வேண்டும். அபாயம் உண்டென்று கண்டால் விரிவான சோதனை நடத்த வேண்டும். பொறுப்பாளியைக் கண்டுபிடித்து அவனிடமே செலவை வசூலிக்க வேண்டும். அவன் அகப்படாவிட்டால் சர்க்கார்கள் செலவை ஏற்க வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. அவை வெளிவந்த சமயத்தில் தேசம் முழுவதிலும் 103 இடங்கள் நச்சுப் படிந்தவையென்று கண்டறியப்பட்டிருந்தன; அவற்றுள் ஏழில் மட்டுமே சுத்தம் செய்யும் வேலை தொடங்கியிருந்தது. நூற்று மூன்றில் ஏழு!

இந்த விதிகளில் குறையும் உண்டு. நகரசபைக் குப்பைமேடும், கடலில் கொட்டிய எண்ணெயும், சுரங்கக் கழிவும் சாதாரணமாக இவற்றின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கின்றன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் நச்சு இருப்பதாக ருசுவானால்தான் உள்ளே வரலாம். 2023-ம் வருஷம் டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்ததை நாம் மறக்கவில்லை. குப்பைமேடும் சாக்கடையும் சேர்ந்து கெடுத்த ஏரியின் நிலைமையும் அதுவே. ருசுவானால் உள்ளே வரலாம் என்கிறது விதி. ருசுச் செய்வது சோதனை. சோதனை செய்யாதவரை ஏரி வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஆகவே முதல் போராட்டம் சோதனைக்கான போராட்டமாகும்.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபங்களையும் கவனிப்போம். பணம் ஏது என்பது ஒன்று. சோதிக்காமல் வாரிய சேற்றை நாளை நூறு மனைகளிலிருந்து மறுபடியும் தோண்டியெடுக்க ஆகும் பணத்தை நினைத்தால், இன்றைய சோதனைச் செலவு அற்பமானது. சோதித்துச் சொன்னால் ஜனங்கள் வீணாகக் கலவரப்படுவார்கள் என்பது மற்றொன்று. இந்த வாதத்தை அந்நியர் ஆட்சியிலும் நாம் கேட்டிருக்கிறோம். தம் கிணற்றில் என்ன இருக்கிறதென்று அறிந்துகொள்ள யோக்கியதையில்லாத ஜனங்கள், தம்மை ஆள்பவர்களைத் தேர்ந்தெடுக்க மாத்திரம் யோக்கியதையுள்ளவர்களா? மூன்றாவது, இது வெறும் வீட்டுச் சாக்கடைதானே என்பது. அப்படியே இருக்கலாம்; இருந்தால் சோதனை அதையே சொல்லும். அப்பொழுது அந்த வண்டலை அஞ்சாமல் வயலுக்கு அனுப்பலாம்; குடியானவனும் வாழ்த்துவான். சோதனையால் நஷ்டமடைகிறவர், மறைக்க ஏதேனும் உள்ளவர் ஒருவரே.

ஆகையால் தாம்பரம் மாநகராட்சியாரும், செங்கற்பட்டு ஜில்லா கலெக்டரும், நீர்வளத் துறையினரும் செய்ய வேண்டியவை இன்னவென்று நாம் வரிசையாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, வருவதை நிறுத்துவது. பாதாள சாக்கடை எல்லாத் தெருக்களுக்கும் சென்று சேராதவரை, மழைநீர் வடிகால் என்ற பெயரால் சாக்கடை ஏரிக்குள் இறங்கிக்கொண்டேயிருக்கும். ஓட்டைப் பாத்திரத்தின் அடியைத் துலக்குவதில் என்ன பயன்? வடிகால் வாயிலில் தடுத்துச் சுத்திகரித்த பிறகே நீரை உள்ளே விட வேண்டும்.

இரண்டாவது, தோண்டுமுன் சோதிப்பது. ஏரிக் கரையோரத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்ப்பது சோதனையாகாது. ஏரியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் குழாயை இறக்கி, மேலிருந்து அடி வரை மண்ணை எடுத்து, அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும். உலோகம் மொத்தம் எவ்வளவு என்பதோடு, மழைநீரில் எவ்வளவு கரைந்து வெளிவரும் என்பதையும் பார்க்க வேண்டும். சாக்கடை வாயிலின் அருகில் நஞ்சும், நடு ஏரியில் நல்ல வண்டலும் இருக்கக்கூடும். பிரித்தறிந்தால் செலவும் குறையும்.

மூன்றாவது, வாரிய சேற்றுக்கு வழி செய்வது. நல்ல வண்டல் வயலுக்கும் கரைக்கும் போகட்டும். கெட்ட சேறு நீர் வடிக்கப்பட்டு, வடிந்த நீரும் சுத்திகரிக்கப்பட்டு, அபாயகரமான கழிவைப் புதைப்பதற்கென்று கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பாதுகாப்பான நிலத்துக்குப் போகட்டும். ஒவ்வொரு லாரியும் எங்கே ஏற்றி எங்கே இறக்கிற்று என்பதற்குக் கணக்கு இருக்கட்டும். தோண்டுவதைவிட மேலே நல்ல மண்ணிட்டு மூடுவதே சில இடங்களில் நலமென்று நிபுணர்கள் கண்டால், காரணத்தைச் சொல்லி அவ்விதமே செய்யட்டும்.

நான்காவது, சேற்றில் இறங்கும் தொழிலாளியைக் காப்பது. காலுறையும் கையுறையும் இல்லாமல், இடுப்பளவு சாக்கடைச் சேற்றில் ஏழைகளை இறக்கிவிட்டு, கரையில் நின்று திறப்பு விழாவுக்கு நாள் பார்க்கும் வழக்கம் சுதந்திர தேசத்துக்கு அடுக்காது. சேறு ஊராருக்கு அபாயமென்றால், அதை வாருகிறவனுக்கு எத்தனை மடங்கு அபாயம்!

ஐந்தாவது, கணக்கை ஜனங்கள் முன் வைப்பது. சோதனை முடிவுகள் தமிழில் அச்சிடப்பட்டு, ஏரிக்கரையிலும் வார்டு ஆபீஸிலும் ஒட்டப்பட வேண்டும். வேலை முடிந்த பிறகும் வருஷந்தோறும் சேறும், மீனும், சுற்றுப்புறக் கிணறுகளும் சோதிக்கப்பட வேண்டும்.

அதிகாரிகளுக்குச் சொன்னோம். நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் உண்டு. ஏரியைக் கெடுத்தவன் எங்கோ இருக்கும் முதலாளி மட்டுமல்லன். கழிவுத் தொட்டி நிரம்பியதும் லாரிக்காரனுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவன் எங்கே கொட்டுகிறான் என்று கேளாமல் கதவைச் சாத்திக்கொள்ளும் கனவானும் அதில் பங்காளிதான். தன் வீட்டுக் குழாயை இரவோடிரவாக மழைநீர் வடிகாலில் சேர்த்துவிட்டுக் காலையில் ஏரியைக் காப்பாற்றுங்கள் என்று மனுவில் கையெழுத்துப் போடுகிறவரும் பங்காளிதான். கெடுத்தவனே கொடுக்க வேண்டுமென்ற தத்துவம் ஆலைக்கு மட்டும் அல்ல. அண்டை வீட்டாருக்கும் அதுவே தர்மம்.

தேசத் தொண்டில் ஈடுபட்டிருக்கும் இளைஞர்களுக்கு நாம் ஒன்று சொல்லி முடிப்போம். ஊர்வலத்திலும் மேடையிலும் செய்யும் தொண்டைக் காட்டிலும் கஷ்டமான தொண்டு ஒன்று உங்கள் ஊர்க் கரையில் காத்திருக்கிறது. செம்பாக்கம், சிட்லபாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஆகிய ஊர்களில் ஒவ்வொன்றிலும் ஐந்து பேர் சேர்ந்தால் போதும். எந்த வடிகால் எங்கே ஏரியில் விழுகிறது, எந்த லாரி எந்த இரவில் வருகிறது, வாரிய மண் எந்தத் தெருவில் இறங்கியது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ம் வருஷம் முதல் உங்கள் கையில் இருக்கிறது. சோதனை அறிக்கையைக் கேளுங்கள். அறிக்கை இல்லையென்று பதில் வந்தால், அந்தப் பதிலையே எடுத்துக்கொண்டு கலெக்டரிடம் போய், உங்கள் ஏரியைச் சந்தேகத்துக்கிடமான நிலங்களின் ஜாபிதாவில் சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்து ஊரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டால் அதைக் குப்பைக் கூடையில் போடுவது எளிதல்ல. ஏனெனில் ஐந்து ஊருக்கும் நீர் ஒன்று, சேறும் ஒன்று.

நம் முன்னோர் நமக்கு ஏரியை விட்டுச் சென்றார்கள். அதன் அடியில் வண்டலை விட்டுச் சென்றார்கள். நாம் நம் பிள்ளைகளுக்கு ஏரியை விட்டுச் செல்வோமா என்பதே சந்தேகமாயிருக்க, அதன் அடியில் எதை விட்டுச் செல்கிறோம் என்றாவது பார்த்துவிட வேண்டாமா? அடுத்த முறை செம்பாக்கத்தில் ஏரிக்குள் இயந்திரம் இறங்குவதற்கு முன் அந்தச் சோதனை நடந்தாக வேண்டும். அதன் முடிவு ஊரார் கைக்கு வந்தாக வேண்டும். வரும்வரை நாமும் கேட்டுக்கொண்டேயிருப்போம்.